டீச்சர் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் புத்தகம் கட்டலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கொடைக்கானலில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை தமிழ் எடுக்கிறீர்கள். மூன்று வருடமாகக் கையால் புத்தகம் கட்டுகிறீர்கள். போன சீசனில் தோழியின் கடையில் வைத்ததில் 22 புத்தகம் விற்றது. குறிஞ்சிப் பூவை வைத்துத் தொடங்கிய ஆர்ட்டிஸ்ட் புக் (புத்தகத்தின் வடிவமே கலைப்படைப்பாக இருப்பது) பாதியில் நிற்கிறது. பள்ளி விட்டு வந்தால் கை ஓடமாட்டேன் என்கிறது. வேலையை விட்டுவிடலாமா, விலை எப்படி வைப்பது, அட்டை ஏன் வளைந்துகொள்கிறது. இதுதானே?

நான் குன்னூரில் கணக்கு டீச்சர். 21 வருட வேலை, அதில் 14 வருடம் புத்தகமும் கட்டுகிறேன். நீங்கள் இப்போது நிற்கிற இடத்தில் நானும் ஒரு தடவை நின்றிருக்கிறேன். ராஜினாமாக் கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன். கொடுக்கவில்லை.

என் பதில்: விடாதீர்கள். குறைந்தது இன்னும் இரண்டு சீசனுக்கு விடாதீர்கள். காரணம் தைரியக் குறைவு இல்லை, கணக்கு.

ஏ5 அளவு, 96 பக்கம், கைக்காகிதம், கேலிக்கோ துணி முதுகு. இப்படி ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். என் கையில் அதற்குக் காகிதம் 90 ரூபாய், அட்டையும் துணியும் 60, நூலும் பசையும் 10, ஆக 160. பத்தில் ஒன்று எப்படியும் கெட்டுப்போகும், அதற்கு 16 சேருங்கள். நேரம் 3 மணி 20 நிமிடம். இதை யூகித்துச் சொல்லவில்லை. போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, காகிதம் கிழிப்பதிலிருந்து கடைசியாக, அழுத்தி வைத்த பிரஸ்ஸிலிருந்து எடுப்பது வரை பத்துப் புத்தகத்துக்கு எழுதிவைத்துச் சராசரி எடுத்தேன். நீங்களும் அதைச் செய்யுங்கள், உங்கள் நேரம் வேறாக இருக்கும். மணிக்கு 150 ரூபாய் கூலி என்றால் 500. மொத்தம் 676 ரூபாய். இது அடக்கம், விலை அல்ல. கடையில் வைத்தால் கடைக்காரர் பங்கு 40 சதவீதம் என்று வையுங்கள். அப்படியென்றால் 676 ரூபாய் என்பது விற்கும் விலையில் 60 சதவீதம். விலை 1,127 வருகிறது. நான் 1,150 போடுகிறேன்.

நீங்கள் 350 ரூபாய்க்குக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரத் தோழி பங்கு கேட்கவில்லை என்பதால் பரவாயில்லை என்று தோன்றியிருக்கும். கேட்டிருந்தால் கையில் வருவது 210. காகிதத்துக்கும் அட்டைக்கும் போக மூன்றேகால் மணி நேர வேலைக்கு 34 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

சரி, 1,150 ரூபாய்க்கே விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலையில் இருந்துகொண்டு வாரத்துக்கு நாலு மணி நேரம், வருடத்தில் 40 வாரம் என்றால் 160 மணி நேரம். 48 புத்தகம் வரவேண்டும். உடம்பு சரியில்லாத வாரம், வீட்டுக்கு விருந்தாளி வந்த வாரம் எல்லாம் போக 40 என்று வைப்போம். பாதியை நேரில், பாதியைக் கடையில் விற்றால் கமிஷனும் பொருள் செலவும் போக வருடத்துக்குச் சுமார் 29,760 ரூபாய். மாதத்துக்கு 2,480. வேலையை விட்டு நேரத்தை ஆறு மடங்கு ஆக்கினால் வருமானமும் ஆறு மடங்கு ஆகும் என்று மனது சொல்லும். ஆகாது. 240 புத்தகத்தை வாங்க ஆள் வேண்டும். ஆறு மடங்கு கட்டுவது கை விஷயம், ஆறு மடங்கு விற்பது வேறு தொழில். அந்தத் தொழிலுக்கு நேரம் ஒதுக்கினால் கட்டும் நேரம் குறையும்.

அப்புறம், நேரமே இல்லை என்கிறீர்கள். அதில் பாதிதான் உண்மை. ஏழு பீரியட் நின்று பேசிவிட்டு வந்தால் களைத்துப்போவது தொண்டையும் தலையும், கை களைப்பதில்லை. மாலையில் உட்கார்ந்து என்ன செய்யலாம் என்று யோசிக்க ஆரம்பித்தால் ஒன்றும் நடக்காது. யோசிக்கும் வேலையைச் சனிக்கிழமை காலைக்குத் தள்ளுங்கள். வார நாளில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு கைவேலை. திங்கள் தாள் கிழிப்பது மட்டும். செவ்வாய் மடிப்பது மட்டும். புதன் குத்தூசியால் துளை போடுவது. வியாழனும் வெள்ளியும் தைப்பது. என் வீட்டில் ஒரு பழைய டீ ட்ரே இருக்கிறது. எட்டுப் புத்தகத்துக்கான பாரங்கள் (சேர்த்து மடித்த தாள் கட்டுகள்) எந்த நிலையில் நிற்கின்றனவோ அப்படியே அதில் கிடக்கும். முக்கால் மணி நேரம் ஆனதும் ட்ரேயை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் பேப்பர் திருத்தப் போய்விடுவேன். ஒரே புத்தகத்தை ஒரே நாளில் முதலிலிருந்து கடைசி வரை முடிக்க நினைக்கிறவர்களுக்குத்தான் நேரம் போதுவதில்லை.

நம் மலைப் பக்கத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது, சமவெளியில் புத்தகம் கட்டுகிறவர்களுக்கு இது தெரியாது. நம்முடைய வருடத்தைப் பள்ளிக்கூடம் மட்டும் தீர்மானிப்பதில்லை, பசையும் தீர்மானிக்கிறது.

நான் பழகிய முதல் சில வருடம் ஆடி மாதத்தில்தான் உற்சாகமாக அட்டை ஒட்டுவேன். வெளியே சாரல், உள்ளே லைட் போட்டுக்கொண்டு வேலை, சுகமாக இருக்கும். ஒரு வருடம் 15 புத்தகத்தை ஒட்டி, பலகைக்கு நடுவில் வைத்துக் கல்லைத் தூக்கி மேலே வைத்தேன். நாலு நாள் கழித்துப் பார்த்தால் ஈரம் அப்படியே இருந்தது. எட்டாம் நாள் கேலிக்கோ மேல் கடுகளவு பச்சைப் புள்ளி. துடைத்தால் போயிற்று. மறுபடி வந்தது. உள்ளே ஒட்டிய தாளைத் திறந்தபோது பழைய கோணிப்பை நாற்றம். 15-இல் 11 புத்தகத்தைப் பிரித்துத் தாளை மட்டும் காப்பாற்றினேன். மைதா பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட மறந்தது ஒரு தப்பு. போஸ்டர் ஒட்டுகிறவர்களும் பழைய பைண்டர்களும் ஒரு சிட்டிகை போடாமல் பசை காய்ச்சமாட்டார்கள். பூச்சியும் வராது, பூஞ்சையும் தள்ளிப்போகும். ஆனால் அது விஷம். காய்ச்சிய பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பூட்டி வையுங்கள். கைக்குழந்தைக்கான புத்தகம் என்றால் துத்தம் இல்லாமல் புதுப் பசை காய்ச்சி, வெயில் காலத்தில் மட்டும் ஒட்டுங்கள். பெரிய தப்பு மாதத்தில் இருந்தது. துத்தம் போட்டிருந்தாலும் அந்த ஈரத்தில் அட்டை காய்ந்திருக்காது. ரூம் ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்று காய்ந்து வில் மாதிரி வளையும்.

அதனால் இப்போது ஜூனிலிருந்து டிசம்பர் வரை என் வீட்டில் ஒட்டும் வேலை கிடையாது. தைக்கும் வேலை மட்டும். எகிப்தில் காப்டிக் கிறித்தவர்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பு தைத்த சங்கிலித் தையல், ஜப்பானியர்களின் நாலு துளைக் கட்டு என்று முதுகில் பசையே இல்லாத முறைகள் நிறைய உண்டு. நம் ஓலைச்சுவடியும் அந்த வகைதான். இரண்டு துளை போட்டு, ஒன்றில் குச்சியோ செப்புக் கம்பியோ செருகி, மற்றதில் கயிறு கோத்துக் கட்டுவார்கள். கயிறு உருவிக்கொள்ளாமல் இருக்க அதன் தலைப்பில் பனையோலையைக் கிளியின் மூக்குப் போல நறுக்கி முடிவார்கள், அதற்குப் பெயரே கிளிமூக்கு. தமிழ் எடுப்பவர் நீங்கள், வகுப்பிலேயே இதைச் சொல்லியிருப்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஏன் ஹார்ட்பவுண்ட் ஒன்றுதான் புத்தகம் என்று நினைக்கிறீர்கள்?

ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் நன்றாக அடிக்கும், பசை ஒரு ராத்திரியில் காயும். ஆனால் அப்போதுதான் திருப்புதல் தேர்வும் பொதுத்தேர்வும். எனக்கு அது பெரிய தலைவலி, பத்தாம் வகுப்பு எடுக்கிறேன். நீங்கள் ஒன்பதோடு நிறுத்திக்கொள்வதால் உங்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் உண்டு. மழைக்காலம் முழுக்கத் தைத்துச் சேர்த்த பாரங்களுக்கு அட்டை போடும் வேலையை அந்த மூன்று மாதச் சனி ஞாயிறுகளில் முடித்துவிடுங்கள்.

கோடை விடுமுறையில் உட்கார்ந்து கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள், தெரியும். எல்லா டீச்சரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மலையில் பள்ளி விடுமுறையும் சீசனும் ஒன்றாக வருகின்றன. மே மாதம் ஊட்டியில் மலர்க் கண்காட்சி, உங்கள் ஊரில் பிரையண்ட் பூங்காவில். அந்த ஆறு வாரம் விற்கும் காலம். கடையில் நிற்கவேண்டும், வருகிறவர்களிடம் பேசவேண்டும், பார்சல் கட்டவேண்டும். கட்டும் வேலையை ஏப்ரல் முதல் வாரத்துக்குள் முடித்திருக்காவிட்டால் விற்கவும் முடியாது, கட்டவும் முடியாது. 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு, திடீரென்று கிளம்பி வருகிறவர்களைவிடத் திட்டம் போட்டு வருகிறவர்கள் அதிகம் என்பது என் கடைக்காரர் அபிப்பிராயம். அப்படிப்பட்டவர்கள் நின்று பார்த்து வாங்குகிறார்கள் என்கிறார். நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நீங்கள் விற்ற 22-இல் 20 வெற்று நோட்டுப் புத்தகம். அது ஆர்ட்டிஸ்ட் புக் இல்லை. தப்பாக நினைக்காதீர்கள், என் மின்கட்டணத்தைக் கட்டுவதும் நோட்டுப் புத்தகம்தான். ஆனால் இரண்டுக்கும் ஒரே மேஜை, ஒரே விலைப்பட்டியல், ஒரே அவசரம் என்று வைத்துக்கொண்டால் ஆர்ட்டிஸ்ட் புக் என்றைக்கும் பாதியிலேயே நிற்கும்.

ஆர்ட்டிஸ்ட் புக்கில் மடிப்பும் தாளும் பக்கம் திரும்பும் விதமும் சேர்ந்துதான் விஷயத்தைச் சொல்லும். நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை மலை ரயில் பாதை 46 கிலோமீட்டர், வழியில் 16 சுரங்கம். விசிறி மடிப்பில் 46 மடிப்பு, ஒவ்வொன்றும் 8 சென்டிமீட்டர், கிலோமீட்டருக்கு ஒன்று. சுரங்கம் வரும் இடத்தில் மட்டும் கறுப்புத் தாள், அதில் ஒரு வட்ட ஓட்டை. ஓட்டை வழியாக அடுத்த மடிப்பின் பச்சை தெரியும். எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. முழுக்க விரித்தால் மூன்றரை மீட்டருக்கு மேல் போகும். வகுப்பில் மூன்று பெஞ்சைச் சேர்த்துப் போட்டும் கடைசி மடிப்பு தொங்கியது. ஒரு பையன் விரலை ரயிலாக்கி ஓட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு கறுப்பிலும் கூவினான். அவனுக்கு நான் எதையும் விளக்கவில்லை. சுரங்கத்தைப் புத்தகமாக்குவது பழைய யோசனைதான்: 1843-இல் லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் சுரங்கப்பாதை திறந்தபோது, எட்டிப்பார்க்கும் அடுக்கு மடிப்புப் புத்தகங்களை நினைவுப்பொருளாக விற்றிருக்கிறார்கள்.

அதை 25 பிரதி செய்ய எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. 3,200 ரூபாய் விலை. இதுவரை 17 போயிருக்கிறது, அதில் சீசன் கடையில் விற்றது மூன்றுதான். மற்றதெல்லாம் சென்னை, பெங்களூர், கொச்சியில் இருக்கிற ஆட்களுக்குத் தபாலில். டூரிஸ்ட் நோட்டுப் புத்தகம் வாங்குவார்; மூன்றாயிரம் ரூபாய் புத்தகத்தை வாங்க அவருக்கு இரண்டு மாதம் யோசிக்க நேரம் வேண்டும். ஆகவே கடையில் அதைத் திறந்து வையுங்கள், ஒரு சின்ன அட்டையில் உங்கள் முகவரியை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள், விற்பனையை எதிர்பார்க்காதீர்கள்.

பிரதி எண் (மொத்தப் பிரதிகளில் இது எத்தனையாவது என்பது) போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 25, 30 என்று கையால் செய்வதற்குப் போடுங்கள், வாங்குகிறவருக்குக் கணக்குத் தெரியும். ஆனால் அதைப் பெரிய மகிமையாக்கவேண்டாம். அமெரிக்க ஓவியர் எட் ருஷே 1963-இல் பெட்ரோல் பங்குகளைப் படமெடுத்து ஒரு சின்னப் புத்தகம் போட்டார், இந்தத் துறையில் எல்லாரும் முதலில் சொல்வது அதைத்தான். முதலில் 400 பிரதிக்கு எண் போட்டார். பிற்பாடு எண் போட்டதே தப்பு என்று சொன்னவரும் அவரே. மலிவாக எல்லார் கைக்கும் போகவேண்டும் என்பது அவர் ஆசை. அவர் அச்சகத்தில் அடித்தார், நாம் கையால் தைக்கிறோம். நம் நிலைமை வேறு.

தமிழ்நாட்டிலேயே பார்க்கவேண்டும் என்றால் சென்னை திருவான்மியூரில் தாரா புக்ஸ் இருக்கிறது. கைக்காகிதத்தில் ஸ்கிரீன் பிரின்ட் செய்து, கையால் தைத்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். கட்டாயம் ஒருமுறை போய் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து முதுகைப் பாருங்கள். அங்கே ஒரு பட்டறையே சேர்ந்து செய்கிற வேலை அது. நாம் ஒற்றை ஆள் என்பதையும் அப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி விஷயம். இதில் நான் பட்டிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், பெற்றோர் ஒருவர் என்னைச் சீசன் கடையில் பார்த்துவிட்டு வந்து சொல்ல, மறுநாள் அலுவலக அறையில் நிற்கவைத்துக் கேள்வி. நியமன உத்தரவின் இரண்டாம் பக்கத்தில் வேறு தொழில் செய்யக் கூடாது என்று ஒரு வரி இருந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டபோது நான் படிக்கவில்லை. உங்களுடையதை எடுத்துப் படியுங்கள். வரி இருந்தால், விடுமுறையிலும் பள்ளி நேரத்துக்கு வெளியிலும் கைவினைப் புத்தகம் செய்து விற்கிறேன், பள்ளிப் பெயரைப் பயன்படுத்தமாட்டேன் என்று ஒரு கடிதம் கொடுத்து, பதிலைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். இதைப் படிக்கிற அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு: 1973-ஆம் வருட அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி முன் அனுமதி இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது. எப்போதாவது செய்யும் கலை, இலக்கிய வேலைக்கு இடம் உண்டுதான், ஆனால் கடை போட்டு விற்பதை அதில் அடக்கப் பார்க்காதீர்கள். எழுதி அனுமதி கேளுங்கள்.

என் சொந்தக் கட்டுப்பாடு இரண்டு. என் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு விற்பதில்லை. வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். பிள்ளைகளைக் கொண்டு தாள் மடிக்கவைத்து அதை விற்பதும் இல்லை. கைவேலை பீரியடில் அவர்கள் செய்தது அவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும்.

ஒருநாள் பயிற்சி வகுப்பு எடுத்தால் புத்தகத்தைவிட வருமானம் அதிகம், அது உண்மை. எட்டுப் பேருக்குக் காப்டிக் தையல் சொல்லிக்கொடுக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மாத விற்பனைக்குச் சமம். வகுப்பெடுக்கிற பழக்கம் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. ஆனால் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு ஆசிரியர் தனியாகக் கற்பிப்பதைத் தடுக்கிறது. அதனால் நான் பெரியவர்களுக்கு மட்டும் எடுக்கிறேன், அதற்கும் கடிதத்தில் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

வரி பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். மாநிலத்துக்குள் பொருள் விற்பவருக்கு வருட விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை, நாம் அந்தத் திசைக்கே போகமாட்டோம். ஆனால் வருமானவரிப் படிவம் மாறும்: சம்பளக்காரர் போடும் ஐடிஆர்-1 தொழில் வருமானத்துக்குச் செல்லாது, 4-ஓ 3-ஓ போடவேண்டும். ஒரு நோட்டில் வரவு செலவு எழுதுங்கள், அது போதும்.

தபாலில் அனுப்புவதில் ஒன்று. 2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. 500 கிராம் தாண்டினால் கட்டணம் அடுத்த படிக்கு ஏறும். நான் 3 மில்லிமீட்டர் அட்டையை விட்டு 2 மில்லிமீட்டருக்கு வந்ததே இதற்காகத்தான். நம் இரண்டு ஊரிலும் பிளாஸ்டிக்குக் கெடுபிடி, அதனால் பட்டர் பேப்பரில் சுற்றி, மேலே பழைய காடாத்துணி தைத்து அனுப்புகிறேன். மழை மாதத்தில் அதற்கும் உள்ளே மெழுகுத்தாள் ஒரு சுற்று.

கடைசியாக அட்டை வளைவது. நீங்கள் அனுப்பிய படத்தில் அட்டை வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. ஈரமான தாள் விரியும், காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். வெளியே துணியோ தாளோ ஒட்டினீர்கள், உள்பக்கத் தாளை ஒட்டாமல் நாலு நாள் விட்டுவிட்டீர்கள், அதுதான். உள்தாளையும் அன்றைக்கே ஒட்டினால் அது எதிர்ப்பக்கம் இழுத்துச் சமன் செய்யும். இன்னொன்று, மில் காகிதத்துக்கும் அட்டைக்கும் கிரெயின் என்கிற இழை ஓட்டம் உண்டு. தாளை நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்த வளைவுக்கு இணையாக இழை ஓடுகிறது. அட்டை, உறை, உள்தாள் மூன்றிலும் இழை முதுகுக்கு இணையாக இருக்கவேண்டும். கைக்காகிதத்தில் இழைகள் நாலாபக்கமும் கிடப்பதால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை, அதனால்தான் உள்பக்கங்களில் உங்களுக்கு இது தெரியவில்லை.

குறிஞ்சிப் புத்தகத்துக்கும் இதையே பாருங்கள். 12 வருடத்துக்கு 12 மடிப்பு, 11 பச்சை, ஒன்று நீலம் என்கிற யோசனை நன்றாக இருக்கிறது. ஆனால் விசிறி மடிப்பில் இரண்டு தாள் சேரும் இடத்தில் ஒட்டித்தான் ஆகவேண்டும், அந்த இணைப்பை மடிப்பின் மேட்டில் வைக்காமல் பள்ளத்தில் வையுங்கள், ஒரு சென்டிமீட்டர் போதும். இப்போது மடித்து வையுங்கள், ஒட்டுவது ஜனவரியில். 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. இந்தச் சீசனுக்குள் முடிக்கவேண்டும் என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை.